பிளக் ஒயருக்கு ஒரு மழைச்சட்டை

ஆரோக்கியராஜுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. அவர் இதைப் பத்தொன்பது வருஷமாக வெளியே சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதால்தான் இத்தனை பாடும் வந்தது.

விழுப்புரத்தில் வண்டி உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்பவர் ஆரோக்கியராஜ். வீடு திண்டிவனத்தில். காலையில் பாசஞ்சர் ரயிலில் வருவார், சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புவார். வரும்போதும் போகும்போதும் கையில் ஒரு கறுப்பு ஹெல்மெட் இருக்கும். ரயிலில் ஹெல்மெட்டோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வண்டியை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டிருக்கிறார், ஹெல்மெட் களவு போய்விடும் என்று கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான். திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கினால் வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷ நடை. வழியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால், "வண்டி சர்வீஸ்ல இருக்குது" என்பார். அந்த வண்டி இத்தனை வருஷத்தில் சர்வீஸுக்குப் போன நாட்களைக் கூட்டினால், அப்படிப்பட்ட ஓட்டை வண்டியை எந்தக் கம்பெனியும் செய்திருக்க முடியாது.

ஆரம்பத்தில் இது இவ்வளவு பெரிய பொய்யாக இல்லை. வேலை கேட்டுப் போன அன்று முதலாளி, "வண்டி ஓட்டுவ இல்ல?" என்று கேட்டார். "ஓட்டுவேங்க" என்று வாயில் வந்துவிட்டது. வண்டிச் சாமான் விற்கிற கடையில் ஓட்டத் தெரியாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஆரோக்கியராஜின் அப்பா காலத்தில் அவர்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது. கல்யாணமான புதிதில் மச்சான் பிரான்சிஸ் தன்னுடைய வண்டியில் உட்காரவைத்துச் சர்ச் மைதானத்தில் கற்றுக்கொடுக்கப் பார்த்தான். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளி வாலிபால் கம்பத்தில் போய் மோதியது. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள், தூக்கிவிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புதுமாப்பிள்ளை, பெண்டாட்டி ஊர், சட்டையெல்லாம் மண். அதற்கப்புறம் அவர் ஹேண்டில்பாரைத் தொட்டதே இல்லை. இந்த விஷயம் தெரிந்தவர்கள் மச்சானும் மனைவி லூர்துமேரியும் மட்டும்தான்.

ஹெல்மெட் பிறகு வந்தது. "ஏம்ப்பா, ஹெல்மெட்டு போடாமயா வண்டி ஓட்டற? போலீஸ் புடிச்சா தெரியும் சேதி" என்று முதலாளி ஒரு நாள் சொன்னார். மறுநாளே வாங்கிவிட்டார். லூர்துமேரி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வண்டி இல்லாத ஆளுக்கு ஹெல்மெட்டு! இதை மாட்டிக்கினு ரயிலு ஓட்டப் போறீங்களா?"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சரக்கு விஷயத்தில் மனுஷர் கெட்டிக்காரர். பிளக் ஒயர், அதாவது இன்ஜினில் தீப்பொறி போடும் பிளக்குக்குக் கரன்ட்டு கொண்டுபோகும் ஒயர், கேட்டு வந்தால் பழைய ஒயரைக் கொண்டுவரச் சொல்வார். அதை விரலில் சுற்றி வளைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். மேல்தோலில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு இருந்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். "வெயில் காலத்துல இது ஒண்ணும் பண்ணாது. ஈரம் பட்டா கரன்ட்டு இந்த வெடிப்பு வழியா இன்ஜின் மேலயே பாஞ்சிடும், பிளக்குக்குப் போவாது. வண்டி பொட்டு பொட்டுன்னு அடிச்சிக்கினு நின்னுடும்" என்பார். அப்புறம் புது ஒயரில் சிலிக்கான் தோல் போட்டதை எடுத்து மேஜையில் வைப்பார். பிளாஸ்டிக் தோல் ஒயர் இன்ஜின் சூட்டில் விறைத்து வெடித்துவிடும் என்பதால் அதைக் கை காட்டவே மாட்டார். பிளக்கின் தலையில் உட்காரும் கேப்பை அமுக்கி, உள்ளே இருக்கும் ரப்பர் பிடிப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒயரின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புதுச் செம்பில் கேப்பைத் திருகச் சொல்வார். இத்தனையும் சரியான யோசனைகள்தான். மெக்கானிக்குகளே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு ஐப்பசி மாதம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில், பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் நீளம் வெட்டி, ஒயரையும் கேப்பையும் சேர்த்து அதற்குள் நுழைத்துப் பார்த்தார். மேல் முனையிலும் கீழ் முனையிலும் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினார். மேஜையில் வைத்து ஒரு மக் தண்ணீரை ஊற்றினார். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து ஒயர் வாங்குகிறவர்களுக்கெல்லாம் டியூப் துண்டு இலவசம். மழைச்சட்டை என்று அவர் பெயர் வைத்தார். "ஆரோக்கியராஜ் கோட்டு" என்று மற்றவர்கள் பெயர் வைத்தார்கள்.

மேஜையில் ஊற்றுகிற ஒரு மக் தண்ணீரும் ரோட்டில் ஒரு மணி நேரம் அடிக்கிற மழையும் ஒன்றில்லை என்பது மழையில் ஓட்டியவனுக்குத்தான் தெரியும். கண்டமங்கலத்திலிருந்து பால் கேன் ஏற்றிக்கொண்டு வருகிற வெங்கடாசலம் ஒரு முறை அந்தக் கோட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

"யோவ், உள்ள தண்ணி நிக்குதுய்யா. பாதி வழியில படுத்துக்கிச்சி வண்டி."

"நீங்க கட்டினது சரியில்ல. டேப்பை இன்னும் நல்லா இறுக்கிச் சுத்துங்க. நான் டெய்லி இதைக் கட்டிக்கினுதான் மழையில ஓட்டறேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே?"

வெங்கடாசலம் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். தினமும் ஓட்டுகிற ஆளே சொல்லும்போது எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு யார் குறை சொல்லிக்கொண்டு வந்தாலும் அவருக்கு அந்த ஒரே பதில்தான்.

போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை கலைப்பிரியா வந்தாள். மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம், இருபத்தாறு வயசு. அண்ணன் ரஞ்சித் வேலைக்காக வெளியூர் போன பிறகு வீட்டில் நின்ற அவனுடைய பழைய வண்டியை இவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். கழற்றிய பிளக் ஒயரை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம கவர்மென்ட் வேலைக்குப் பரீட்சைண்ணா. சென்டர் இங்க விழுப்புரத்துக்கு வெளிய இருக்கற காலேஜு. ஒம்போது மணிக்கு கேட்டை மூடிட்டா அப்பறம் கடவுளே வந்தாலும் தொறக்க மாட்டாங்க. மழை வேற வரும்ங்கறாங்க. வண்டிய நம்பிப் போலாமா?"

ஆரோக்கியராஜ் பழைய ஒயரை வளைத்துப் பார்த்தார். நாலு இடத்தில் வெடிப்பு. சிலிக்கான் ஒயரும் புதுக் கேப்பும் எடுத்துக் கொடுத்தார். அந்த இரண்டும் போதும். அப்படியே அனுப்பியிருந்தால் அந்தப் பெண் பரீட்சை எழுதியிருப்பாள். ஆனால் அவர் கை தானாக மேஜைக்குக் கீழே போய் டியூப் துண்டை எடுத்துவிட்டது. எப்படி நுழைப்பது, எப்படிச் சுற்றுவது என்று செய்து காட்டினார். அவள் கவனமாகப் பார்த்துவிட்டு, "உங்க வண்டிக்கும் இதையேதான் கட்டியிருக்கீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"பின்ன? போன வருஷம் அந்தப் பெரிய மழையில ஊருல இருக்கற வண்டியெல்லாம் படுத்துக்கிச்சி. என் வண்டி ஒண்ணுதான் ஓடிக்கினு இருந்துது. தைரியமா போம்மா."

அந்தப் பெரிய மழையன்று அவர் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அவள் கேட்டது ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொன்னாலே போதும். ஊர் வண்டியெல்லாம் படுத்த கதையை யார் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டியது. ஆரோக்கியராஜ் காலைப் பூசையில் இருந்தார். சர்ச் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் சாமியார் பேசுவது கேட்கவில்லை. இந்த நேரத்தில் எத்தனை வண்டிகள் தன்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டார். அந்தப் பெண்ணுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம்கூடச் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். கவுண்டரில் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஆரோக்கியராஜ் குரலை உயர்த்தினார்.

"வாம்மா! பரீட்சை எப்படி எழுதின?"

"எழுதலண்ணா."

அவர்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, பிறகு சொன்னாள். விக்கிரவாண்டி தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அப்புறம் இழுக்கவில்லை, திக்கியது, நின்றுவிட்டது. உதைத்து உதைத்துக் கால் வீங்கிப் போனது. ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், ஒரு மெக்கானிக் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறாள். அவர் டேப்பை அறுத்து டியூபை உருவியதும் உள்ளிருந்து அரை டம்ளர் தண்ணீர் கொட்டியதாம். "இப்படியா கட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டு, துணியால் துடைத்து உதைத்தார், வண்டி ஓடிவிட்டது. காலேஜ் கேட்டுக்கு வந்தபோது மணி ஒன்பது நாலு. கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். உள்ளே இருந்தவர்களும் பாவம் என்றுதான் பார்த்தார்கள், திறக்கவில்லை.

அரை டம்ளர் என்று அவள் சொன்ன அந்த நொடியிலேயே ஆரோக்கியராஜுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒயரின் மேல்பக்கத்திலிருந்து தண்ணீர் வழிந்து இறங்கும். டேப் எவ்வளவு இறுக்கினாலும் வண்டியின் அதிர்வில் கொஞ்சம் இடம் விடும். இறங்கிய தண்ணீர் வெளியே போகக் கீழே வழியில்லை, அதைத்தான் இவர் டேப் சுற்றி அடைத்து வைத்திருக்கிறாரே. கேப் அந்தத் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டு கிடக்கும். இத்தனை வருஷம் இது தோன்றவில்லை. வெங்கடாசலம் வந்து முகத்துக்கு நேரே சொன்னபோதும் தோன்றவில்லை. காது மடல் இரண்டும் சுட்டது.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியலண்ணா" என்றாள் அவள். "நீங்க காட்டின மாதிரிதான் கட்டினேன். ரெண்டு தபா அவுத்து அவுத்துக் கட்டினேன். அப்பா நம்பவே மாட்டேங்கறாரு. கடையில சொல்லிக் குடுத்த மாதிரி கட்டியிருந்தா எப்படிடி நிக்கும், நீ பரீட்சைக்கே போகல, வேற எங்கயோ போயிட்டு வந்து கதை சொல்றன்றாரு. ஊருல இன்னான்னமோ பேசறாங்க. மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. உங்க வண்டியில எப்படிக் கட்டியிருக்கீங்கன்னு ஒரு தபா காட்டுங்கண்ணா. ஃபோட்டோ எடுத்துக்கினு போயி, இந்த எடத்துலதான் தப்பாக் கட்டிட்டேன்னு அவருக்குக் காட்டணும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். கடையில் முதலாளி உள்ளே உட்கார்ந்திருந்தார், காது இந்தப் பக்கம்தான் இருந்தது. "வண்டி திண்டிவனத்துல இல்ல இருக்குது" என்றார் ஆரோக்கியராஜ்.

"நானும் வர்றேண்ணா. அங்கேர்ந்து பஸ்ஸுல ஊருக்குப் போயிக்கறேன்."

சாயங்காலம் இருவரும் பாசஞ்சரில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஹெல்மெட் அவர் மடியில் இருந்தது. முண்டியம்பாக்கத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அங்கே பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. விக்கிரவாண்டியில் அவள் ஜன்னல் வழியாக ரோட்டுப் பக்கம் பார்த்தாள், அந்த நேரத்தில் வாயைத் திறக்க அவருக்குத் துணிவில்லை. பேரணி ஸ்டேஷனில் அவித்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, விற்றுக்கொண்டு வந்தார்கள். அவள் ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்து, "எடுத்துக்கங்கண்ணா, என்னால உங்களுக்கும் பேஜாரு" என்று பாதியை அவர் கையில் கொட்டினாள். அவரும் வாங்கிக்கொண்டார். உரித்து உரித்துத் தின்றார். வாங்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பாளே என்று பயமாக இருந்தது. மயிலம் வந்தது, அவள் ஊருக்கு இறங்க வேண்டிய இடம். இங்கேயே உண்மையைச் சொல்லி இறக்கிவிட்டால் நேரே வீட்டுக்குப் போய்விடுவாள், இவளை எதற்கு அலைய வைக்கிறோம் என்று தோன்றியது. ரயில் நின்றது, கிளம்பியும் விட்டது. தன்னைப் போல ஒரு கேடுகெட்டவன் இந்தப் பெட்டியில் வேறு யாரும் இல்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

திண்டிவனம் ஸ்டேஷன் ஸ்டாண்டுக்குள் அவர் நுழைந்தார், அவள் பின்னாலேயே வந்தாள். வரிசை வரிசையாக வண்டிகள். அடுத்து அவர் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு சிவப்பு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "இதுதான்" என்றார்.

அவள் செல்போனை எடுத்துக்கொண்டு குந்தினாள். இன்ஜின் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"கோட்டைக் காணோமேண்ணா? சும்மா ஒயரு மட்டும்தான் இருக்குது."

"மழை இல்லாத நாள்ல கழட்டி..." என்று ஆரம்பித்தார். ஒரு வாரமாக மழை விடவில்லை. இரண்டு பேரின் செருப்பும் சேறாக இருந்தது. அதற்குள் டோக்கன் வாங்குகிற அம்மா மூலையிலிருந்து சத்தம் போட்டாள்.

"யாருய்யா அது, டீச்சரம்மா வூட்டுக்காரரு வண்டிய நோண்டறது? டோக்கனு எங்க?"

கலைப்பிரியா அந்த அம்மாவைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். ஆரோக்கியராஜ் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

"என் வண்டி இல்லம்மா. எனக்கு வண்டியே கெடையாது. எனக்கு ஓட்டத் தெரியாது."

"ஓட்டத் தெரியாதா?"

"தெரியாது. எப்பவுமே ஓட்டினதில்ல."

"அப்ப அந்தக் கோட்டு?"

"நீ கட்டினதுல ஒரு தப்பும் இல்ல. அதைக் கட்டவே கூடாது. மேல வழியா எறங்கற தண்ணி வெளிய போவ வழியில்லாம உள்ளயே நிக்கும். சும்மா வுட்டிருந்தா சொட்டிப் போயிருக்கும், காத்துல காஞ்சிருக்கும். நான் குடுத்த ஒயரே போதும்."

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லவும் இனி தெம்பில்லை.

"நீ அரை டம்ளர் தண்ணின்னு சொன்னப்பவே."

"அப்ப விழுப்புரத்துலயே தெரியும். தெரிஞ்சிக்கினே என்னை ரயிலேத்திக் கூட்டினு வந்தீங்க." அவள் அவருடைய கையைப் பார்த்தாள். "என் மல்லாட்டையை வாங்கித் தின்னுக்கினு வந்தீங்க."

அவள் செல்போனைப் பையில் போட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா பஸ்ஸுல போடின்னு தலபாடா அடிச்சிக்கினாரு. அந்த அண்ணன் டெய்லி மழையில ஓட்டறாராம், அவரே சொல்லிட்டாருன்னு நான்தான் கேக்கல. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பஸ்ஸுல போயிருப்பேண்ணா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கெளம்புங்க."

"எங்கம்மா?"

"எங்க வூட்டுக்கு. என்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டே லூர்துமேரிக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். "போயிட்டு வாங்க" என்றாள் அவள். "அங்க போயும் வண்டி சர்வீஸ்ல இருக்குதுன்னு சொல்லி வைக்காதீங்க."

பஸ்ஸில் கலைப்பிரியா முன் சீட்டில் உட்கார்ந்தாள், அவர் பின்னால் நின்றுகொண்டார். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. அவளுடைய ஊரில் யாரையும் அவருக்குத் தெரியாது. தெரியாத ஊரில் அவமானப்பட்டால் என்ன போயிற்று என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஊரிலும் ஆறேழு வண்டிக்குத் தன்னுடைய கோட்டு கட்டியிருக்கும் என்பது அடுத்தாற்போல் நினைவுக்கு வந்தது.

இறங்கியபோது இருட்டிவிட்டது, வாசல்களில் விளக்கு எரிந்தது. வீட்டு வாசலில் அவளுடைய அப்பா பெரியதம்பியும் அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேரும் மல்லாட்டை மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் ஒரு அந்நிய ஆளோடு வருவதைப் பார்த்ததும் பெரியதம்பி பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முகம் இறுகியது.

"யாரு இது?"

"ஒயரு குடுத்த கடைக்காரரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

சொல்லிவிட்டு அவள் விலகிக்கொண்டாள். அவளுடைய அம்மா உள்ளேயிருந்து நிலைப்படிக்கு வந்தாள். ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியராஜ் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் பேசிய ஆள், இப்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"ஐயா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க" என்றார்.

பெரியதம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவன் பக்கென்று சிரித்துவிட்டான். சர்ச் மைதானத்தில் கேட்ட அதே சிரிப்பு. ஆரோக்கியராஜ் நிறுத்தவில்லை. கோட்டைத் தானே கண்டுபிடித்ததை, தினமும் அதோடு ஓட்டுவதாகப் பொய் சொன்னதை, பால்காரர் திருப்பிக் கொடுத்தபோது அவர் மேலேயே பழியைப் போட்டதை, இந்தப் பெண் சரியாகத்தான் கட்டினாள், சரியாகக் கட்டியதால்தான் வண்டி நின்றது என்பதை, ஒன்றுவிடாமல் சொன்னார். சிரித்தவன் பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"தெரியாதுன்னு சொன்னா இன்னாய்யா?" என்றார் பெரியதம்பி. கோபம்கூட இல்லை அவர் குரலில், நிஜமாகவே புரியாமல் கேட்டார். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறது. ஊருல எத்தினியோ பேருக்குத் தெரியாது. எனக்கே ட்ராக்டர் ஓட்ட வராது."

"வெக்கமா இருந்துதுங்க."

"உன் வெக்கத்துக்கு எம்பொண்ணு கேட்டைப் புடிச்சிக்கினு நின்னுருக்குது."

"ஆமாங்க."

ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பெரியதம்பி தார்ப்பாயின் முனையைக் கையில் சுருட்டிக்கொண்டே மகளைப் பார்த்தார். பார்த்த கண்ணை உடனே எடுத்துக்கொண்டார். மூன்று நாளாக அவளைப் பேசியதெல்லாம் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "வேற எங்கயோ போயிட்டு வந்து" என்று வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தியவர் அவர்தான்.

"சரி வுடும்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "மாப்பிள்ளை வூட்டுக்காரங்கள இப்ப வர வேணாம்னு சொல்லிடறேன். அடுத்த தபா எழுது. நானே பஸ் ஏத்தி உடறேன்."

"அடுத்த தபா எப்பப்பா?"

அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அறிவிப்பு எப்போது வருமோ, எத்தனை இடம் போடுவார்களோ. அவள் அம்மா, "வுடுடி, வந்தவர உக்காரச் சொல்லு" என்று நிலைப்படியிலிருந்து சொன்னாள். கலைப்பிரியா யாரையும் உட்காரச் சொல்லவில்லை. இரண்டு ஆண்களும் வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதை மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு வருஷம் படிச்சேன், அந்த ஒரு நாளுக்காவ. பரீட்சை போனது எனக்கு. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு மூஞ்சியக் கவுத்துக்கினு நிக்கறீங்க? இப்பவும் நான்தான் உங்களுக்கு சமாதானம் சொல்லணுமா?"

கலைப்பிரியா அப்பாவின் கையிலிருந்து தார்ப்பாயை வாங்கி மூட்டைகளின் மேல் இழுத்துவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டாள்.